கால்வெஸ்டன் ஜெட்டிக்குப் படகு பேசுவது எப்படி

டெக்சாஸின் ஹூஸ்டனுக்குத் தென்கிழக்கே 50 மைல் போனால் கால்வெஸ்டன். அங்கே விரிகுடாத் தண்ணீர் மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் முகத்துவாரத்தின் இரு பக்கமும் இரண்டு கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. இவைதான் ஜெட்டி. படகு கட்டும் பலகைத்துறை இல்லை. தமிழ்நாட்டு மீனவக் கிராமங்களில் போடும் தூண்டில் வளைவின் இனம், அளவில் பல மடங்கு பெரியது. மணல் அடைத்துக் கப்பல் வழி தூர்ந்துபோகாமல் இருக்க, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டியது. கால்வெஸ்டனுக்கு எதிர்க்கரையில் உள்ள போலிவர் முனையில் தொடங்கும் வட ஜெட்டி மட்டுமே ஏறக்குறைய 5 மைல்.

கற்களின் இடுக்கில் கொட்டலசும் (கல்லில் ஒட்டி வளரும் கூரான ஓட்டுயிர்) நண்டும் சிறு மீனும் அடைந்துகிடக்கும். கடல் ஏற்றத்திலும் வற்றத்திலும் விரிகுடாவுக்குள் போய்வரும் தண்ணீரெல்லாம் இந்த இரண்டு சுவருக்கும் நடுவில்தான் ஓடியாக வேண்டும். பெரிய மீன் இங்கே வந்து காத்திருப்பது அதனால்தான். ஆனால் 5 மைல் கல்லிலும் மீன் இருக்காது. ஒரு நாள் கப்பல் வழிப் பக்கம் கடிக்கும், மறுநாள் கடல் பக்கம் கடிக்கும். சில வாரங்களில் முனையை விட்டால் வேறெங்கும் கடிக்காது. இன்றைய காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எந்தக் கல்லுக்கு எதிரே நங்கூரம் போடுவது என்ற கணக்குக்குத்தான் கேப்டனுக்குக் காசு. படகின் பளபளப்பைப் பார்த்துப் பேசி முடிப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இதனால்தான்.

கரையிலிருந்து கல் மேல் நடந்து போயும் பிடிக்கலாம், பலர் பிடிக்கிறார்கள். பாசி படிந்த கல்லில் கால் வழுக்கினால் கொட்டலசு தோலைச் சீவிவிடும். பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் போகிற குடும்பத்துக்குப் படகே மேல்.

முதலில் மீன், அப்புறம் தேதி

"அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, எது கிடைத்தாலும் சரி" என்று கேப்டனுக்கு எழுதினால், அவருக்குச் சுலபமான பயணம் எதுவோ அது கிடைக்கும். எந்த மீனுக்குப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு, அந்த மீனின் மாதத்தில் தேதி கேளுங்கள்.

பிப்ரவரியும் மார்ச்சும் ஷீப்ஸ்ஹெட்டின் காலம். முட்டையிடுவதற்காக இந்த மீன்கள் கல்லோரம் கூடும். கறுப்பு வெள்ளைப் பட்டை, மனிதப் பல் மாதிரி வரிசையான பல், கெட்டியான வெள்ளைச் சதை. உயிர் இறாலோ பிட்லர் நண்டோ போட்டுக் கல்லை ஒட்டி இறக்கினால் கடிக்கும். சமையலுக்கென்று போகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஜெட்டிப் பயணம் கிடையாது. ஏனோ படத்துக்கு எடுப்பாக இல்லாததால் இதைக் கேட்டு வருபவர்கள் குறைவு. அதே வாரங்களில் ராட்சத பிளாக் டிரமும் உள்ளே வரும். கல்லைத் தூக்குவது போன்ற இழுவை, ஆனால் பெரியதன் சதை முரட்டுத்தனமாக இருக்கும், புழுவும் இருக்கும். படம் எடுத்துவிட்டு விட வேண்டிய மீன் அது.

மே முதல் ஆகஸ்ட் வரை ஸ்பெக்கிள்ட் டிரௌட். விடியற்காலையில், தெளிந்த பச்சைத் தண்ணீர் கல்லோரம் வந்து நிற்கும் நாட்களில் நன்றாகக் கடிக்கும். இரைக்கு உயிர் இறால் அல்லது உயிர் குரோக்கர் என்ற சிறு மீன். கோடையில் ஸ்பானிஷ் மேக்கரலும் வரும். வஞ்சிரத்தின் அதே பேரினம், அளவில் சிறியது, வறுவலுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாறை மீன் இனத்தைச் சேர்ந்த ஜாக் கிரவெல்லும் சுறாவும் இதே மாதங்களில்தான். தூண்டிலைப் பிடித்துக்கொண்டு கை வலிக்கச் சண்டை போட விரும்புகிற பதினைந்து வயதுப் பையன்களுக்கு இந்தப் பயணம் பிடிக்கும்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரை புல் ரெட். பெரிய ரெட் டிரம், 28 அங்குலத்துக்கு மேல். கத்தாளைக் குடும்பத்து மீன். செப்டம்பரும் அக்டோபரும் உச்சம். கால்வெஸ்டன் ஜெட்டியின் புகழே இந்த மீனால்தான், அதனால் அந்த இரண்டு மாதச் சனி, ஞாயிறுகள் முன்கூட்டியே போய்விடும். வார நாள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஜெட்டியில் படகு நெரிசலும் குறைவாக இருக்கும்.

ஆள் கணக்கு

இங்கேதான் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. இத்தகைய படகு ஓட்டும் கேப்டன்களில் பெரும்பாலானவர்கள் வைத்திருக்கும் கடலோரக் காவல்படை லைசென்ஸில், காசு கொடுத்து ஏறும் பயணிகள் 6 பேர் வரைதான் அனுமதி. ஏழாவது ஆளை ஏற்ற வேண்டுமென்றால் படகுக்கே தனிச் சோதனைச் சான்றிதழ் வேண்டும். "குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்கிறோம்" என்பது எடுபடாது. கைக்குழந்தையும் ஓர் ஆள். தூண்டில் பிடிக்காமல் வேடிக்கை பார்க்க வரும் அத்தையும் ஓர் ஆள்.

சட்டப்படி 6 என்றாலும், 22 முதல் 24 அடி நீளமுள்ள பே போட் என்ற சிறிய விரிகுடாப் படகில் நான்கு பேருக்கு மேல் நின்று தூண்டில் போட்டால் ஒருவர் நரம்பு (தூண்டில் கயிறு) இன்னொருவர் நரம்பில் சிக்கும். ஜெட்டியில் இது இரட்டைத் தொல்லை, ஏனென்றால் எல்லோரும் கல் இருக்கும் ஒரே திசையில்தான் வீச வேண்டும். மூன்று பேர் என்றால் சுகம். எட்டுப் பேர் என்றால் இரண்டு கேப்டன்களை ஒன்றாகப் பேசுங்கள். ஒருவருக்கொருவர் பழக்கமான கேப்டன்கள் பக்கத்துப் பக்கத்தில் நங்கூரம் போட்டுத் தருவார்கள்.

இன்னொன்று, கேட்கக் கூச்சப்படுகிற விஷயம்: பே போட்களில் பெரும்பாலும் கழிப்பறை கிடையாது. பயணமோ ஐந்து மணி நேரம் ஓடும். பெண்களும் வயதானவர்களும் வருகிறார்கள் என்றால், கழிப்பறை உள்ள பெரிய படகு வேண்டும் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள், அல்லது நான்கு மணி நேரப் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேப்டனிடம் என்ன கேட்பது

முதல் செய்தியிலேயே ஐந்து விவரம் இருக்க வேண்டும்: தேதியும் மாற்றுத் தேதியும், மொத்த ஆட்கள், அதில் எத்தனை பேர் தூண்டில் போடுவார்கள், பிள்ளைகளின் வயதும் எடையும், எந்த மீன். எடை எதற்கென்றால், லைஃப் ஜாக்கெட் எடைக்கணக்கில்தான் வரும். 26 அடிக்குக் குறைவான படகு ஓடும்போதும் மிதந்து செல்லும்போதும் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். பெரியவர் ஜாக்கெட்டைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் தலை வழியாகக் கழன்றுவிடும். சரியான அளவு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் நீங்களே வாங்கிப் போங்கள்.

பதில் வந்தபின் இவற்றைக் கேளுங்கள். இது ஜெட்டிப் பயணம்தானா, அல்லது காற்றைப் பார்த்து விரிகுடாவுக்குள் போய்விடுவீர்களா? இந்தக் கேள்வி முக்கியம். காற்று மாறினால் உள்ளே போவது நியாயமான முடிவுதான். ஆனால் காலையில் படகில் ஏறியபின் அதைக் கேள்விப்படக் கூடாது. நேரம் எங்கிருந்து கணக்கு, துறையை விட்டதிலிருந்து துறைக்குத் திரும்பும் வரையா? கம்பு, ரீல், உயிர் இரை, ஐஸ், மீன் வெட்டுவது எல்லாம் விலையில் அடக்கமா? உயிர் இரைக்குத் தனிக்காசு வாங்குவோரும் உண்டு. எங்கே ஏறுவது? சிலர் கால்வெஸ்டன் பக்கம், சிலர் போலிவர் பக்கம். போலிவர் என்றால் காரோடு ஃபெரியில் கடக்க வேண்டும். ஃபெரி இலவசம், ஆனால் கோடை வார இறுதிகளில் வரிசை நீளும். அந்த நேரத்தைப் பயணக் கணக்கில் சேர்க்காமல் போய்த் தாமதமானவர்கள் நிறைய.

டெக்சாஸில் காசு வாங்கிக் கடலில் மீன்பிடிக்கக் கூட்டிப் போகிறவரிடம் மாநில வழிகாட்டி லைசென்ஸும் கடலோரக் காவல்படை லைசென்ஸும் இரண்டும் இருக்க வேண்டும். கேட்டால் காட்டுவார். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். "எந்தக் காற்றிலும் போவேன்", "மீன் கட்டாயம் கிடைக்கும்" என்று சொல்பவரையும் தவிர்க்கலாம். நல்ல கேப்டன் எதிர்க்கேள்வி கேட்பார்: சாப்பிடவா, விளையாடவா? யாருக்காவது கடல் ஒத்துக்கொள்ளாதா? முன்னே ரீல் பிடித்திருக்கிறீர்களா? அவர் கேட்கும் கேள்வியை வைத்தே ஆளை எடை போடலாம்.

ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள்: "போன வாரம் ஜெட்டி எப்படி இருந்தது?" தினமும் அங்கே போகிறவர் கல்லின் எந்தப் பக்கம், எந்த ஓட்டத்தில், என்ன இரைக்கு என்று சொல்வார். போகாதவர் "நன்றாக இருந்தது" என்பார்.

காசும் காற்றும்

வாடகை படகுக்கு, தலைக்கு இல்லை. நான்கு மணி நேரத்துக்கே 500 டாலருக்கு மேல் போவது சாதாரணம். முழு நாளும் ஆட்களும் கூடினால் ஆயிரத்தைத் தாண்டும். அதற்கு மேல் 15 முதல் 20 சதவீதம் டிப். விலையில் சேர்ந்திருக்காது, கையில் ரொக்கமாகக் கொடுப்பது வழக்கம். மீன் குறைந்த நாளிலும் கேப்டன் இடம் மாற்றி மாற்றி உழைத்திருந்தால் டிப்பைக் குறைக்க வேண்டாம். எரிபொருள் அவருக்கு அன்றைக்குத்தான் அதிகம் போயிருக்கும்.

முன்பணம் கேட்பார்கள், அது முறைதான். முழுத்தொகையையும் முன்னாலேயே அனுப்பச் சொன்னால் மட்டும் யோசியுங்கள். முன்பணம் அனுப்புமுன் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: வானிலையால் கேப்டன் ரத்து செய்தால் முன்பணம் திரும்புமா, அல்லது வேறு தேதிக்கு மட்டும்தானா? நாம் ரத்து செய்வதாக இருந்தால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்? வெளியூரிலிருந்து விமானத்தில் வருகிறவர்களுக்கு "வேறு தேதி" என்பது காசு போனதற்குச் சமம். அப்படிப்பட்டவர்கள் வந்திறங்கும் முதல் நாட்களிலேயே பயணத்தை வைத்துக்கொண்டால், காற்று கெடுத்தாலும் தள்ளிப்போட நாள் மிஞ்சும்.

காற்றைப் பற்றி நீங்களும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, இல்லையென்றால் வெயில் அடிக்கிற நாளில் கேப்டன் ஏன் ரத்து செய்தார் என்று சண்டை வரும். ஜெட்டியின் பகை மழையைவிடக் காற்று. தென்கிழக்குக் காற்று 15, 20 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் கடலிலிருந்து அடிக்கும்போது, உள்ளிருந்து வற்றத் தண்ணீர் வெளியே ஓடினால், இரண்டும் எதிரெதிராக மோதி முகத்துவாரத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். அலையின் உயரம் மூன்று அடிதான் இருக்கும், ஆனால் மூன்று நொடிக்கு ஒன்று வந்தால் படகு நிற்காது, நங்கூரமும் பிடிக்காது. குளிர்காலத்தில் வடகாற்று வேறு வகை: கடல் தட்டையாகத் தெரியும், ஆனால் விரிகுடாத் தண்ணீரையே அது வெளியே தள்ளிவிடுவதால் நீர்மட்டம் இறங்கிச் சேறு கலங்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மூடுபனி. வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த நீர்மேல் வந்தால் எதிரே இருக்கும் கல்லே தெரியாது. அந்தப் பக்கம் எண்ணெய்க் கப்பல்கள் போகும் வழி. மூடுபனியில் ஜெட்டிக்குப் போகத் தயாராக இருக்கும் கேப்டனோடு போகாதீர்கள்.

முந்தின நாள் அமெரிக்கக் கடல், வானிலை அமைப்பான நோவாவின் இணையதளத்தில் இரண்டு இடங்களைப் பாருங்கள். கால்வெஸ்டனுக்குக் கிழக்கே 22 கடல் மைலில் மிதக்கும் 42035 என்ற எண்ணுள்ள மிதவை, அலையின் உயரத்தையும் இடைவெளியையும் காட்டும். 8771341 என்பது வட ஜெட்டியிலேயே இருக்கும் நிலையம். அதில் நீர்மட்டமும் ஏற்ற வற்ற நேரமும் தெரியும். இங்கே ஏற்றவற்றம் ஓரிரு அடிதான், ஆனாலும் தண்ணீர் ஓடும் மணிகளில்தான் மீன் கடிக்கும். ஓட்டம் நின்ற மணியில் கேப்டன் சும்மா இருந்தால் அவரைக் குறை சொல்ல வேண்டாம்.

லைசென்ஸ் உங்கள் பொறுப்பு

ஃபுளோரிடாவில் வாடகைப் படகின் லைசென்ஸே பயணிகளுக்கும் போதும். டெக்சாஸில் அப்படி இல்லை. 17 வயது நிரம்பிய ஒவ்வொருவரும், தூண்டிலைத் தொடுவதாக இருந்தால், தங்கள் பேரில் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். ஒரு நாளுக்கு மட்டும் என்றால் டெக்சாஸ்வாசிக்கு 11 டாலர், வெளியாருக்கு 16 டாலர். கடல், ஆறு இரண்டுக்கும் செல்லும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை போவதாக இருந்தால் கடல்நீர்ப் பேக்கேஜ் என்ற ஆண்டு லைசென்ஸ் வாங்குவது லாபம், ஆனால் அது ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். புல் ரெட் காலம் தொடங்கும் செப்டம்பரில் பழைய லைசென்ஸோடு வந்து மாட்டிக்கொள்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு வெளியார் லைசென்ஸ்தான் வாங்க வேண்டும். வயதானவர் என்று சலுகை எதிர்பார்க்காதீர்கள். கடையில் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்கள். பயணக் காலையில் துறையில் நின்றுகொண்டு போனில் வாங்கலாம் என்று விடாதீர்கள். முந்தின நாளே முடித்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற அளவும் தெரிந்திருக்க வேண்டும். ரெட் டிரம் 20 முதல் 28 அங்குலம், ஆளுக்கு 3. ஸ்பெக்கிள்ட் டிரௌட் 15 முதல் 20 அங்குலம், ஆளுக்கு 3. 2024க்கு முன் எழுதிய பழைய குறிப்புகளில் வேறு கணக்கு இருக்கும், நம்ப வேண்டாம். பிளாக் டிரம் 14 முதல் 30, ஆளுக்கு 5. ஷீப்ஸ்ஹெட் குறைந்தது 15 அங்குலம், ஆளுக்கு 5. மூக்கு நுனியிலிருந்து, வாலைச் சேர்த்துப் பிடித்து அளக்க வேண்டும். 28க்கு மேற்பட்ட ரெட் டிரம்மை வைத்துக்கொள்ள லைசென்ஸோடு வரும் சீட்டு வேண்டும். உங்கள் லைசென்ஸோடு அது வருகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். வழிகாட்டிக்கும் அவர் உதவியாளுக்கும் கணக்கில் பங்கு கிடையாது. மூன்று பேர் போனால் மூன்று பேரின் அளவுதான்; "கேப்டன் பங்கையும் எடுத்துக்கலாமா" என்று கேட்பதே அவரைத் தர்மசங்கடத்தில் தள்ளும். விதிகள் மாறக்கூடியவை, போகுமுன் மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறையின் அந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

கொண்டுபோவதும் கொண்டுபோகாததும்

வெள்ளை அடிப்பாக ரப்பர் செருப்பு அல்லது ஷூ (கறுப்பு அடிப்பாகம் படகில் கோடு போடும்), முழுக்கை மெல்லிய சட்டை, கழுத்து மூடும் தொப்பி, போலரைஸ்டு கண்ணாடி, தண்ணீர். பெரிய ஐஸ் பெட்டியைக் காரிலேயே விடுங்கள். படகில் அவர்கள் பெட்டி இருக்கும், உங்களுடையது நடக்கிற இடத்தை அடைக்கும்.

சாப்பாட்டுக்கு இட்லியும் தயிர்சாதமும் சரி. பூரி மசால் சாப்பிட்டுவிட்டு ஏறுபவர்கள் அரை மணியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நங்கூரம் போட்டு ஆடும் படகில் ஓடும் படகைவிடக் குமட்டல் அதிகம். மெக்லிசின் மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்றால் முந்தின இரவு ஒன்று, ஏறுவதற்கு ஒரு மணி முன்பு ஒன்று. குமட்டல் தொடங்கியபின் போட்டால் பயனில்லை. வேறு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். வாழைப்பழம் மட்டும் வேண்டாம். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கடிக்காது என்பது அமெரிக்கக் கேப்டன்களின் பழைய நம்பிக்கை. சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் பழத்தைக் காரில் வைத்துவிட்டு வரச் சொல்வார்கள்.

கல்லுக்கு எதிரே

குறித்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே துறையில் இருங்கள். ஜெட்டிக்குப் போனதும் கேப்டன் வளைந்த இரும்புக் கம்பிகளாலான நங்கூரத்தைக் கல்லிடுக்கில் போடுவார். சிக்கினால் கம்பி நிமிர்ந்து வெளியே வந்துவிடும். சாதாரண நங்கூரம் அங்கேயே போய்விடும். படகு நிலைக்கும் வரை எழுந்து நடக்காதீர்கள்.

ஷீப்ஸ்ஹெட்டுக்குச் சின்ன முள், சின்ன ஈயக்குண்டு, நரம்பு கல்லை உரசும் அளவுக்குக் கிட்டே. கடி என்று பெரிதாக ஒன்றும் தெரியாது. நரம்பு லேசாகக் கனக்கும், அல்லது இரையின் எடை காணாமல் போனது போலிருக்கும். அதை உணர்ந்து கம்பை உயர்த்துவதற்குள் முன்பல்லால் இறாலைக் கடித்து முள்ளை மட்டும் மிச்சம் வைத்திருக்கும். முதல் அரை மணி எல்லோருக்கும் இரை போகும். கம்பு நுனியைத் தாழ்த்தி நரம்பை விறைப்பாக வைத்திருப்பவர்களுக்குத்தான் இது கைவரும்.

புல் ரெட்டுக்கு எல்லாமே பெரிது: வெட்டிய மடவை அல்லது பாதி நண்டு, ஓட்டத்தில் நகராதிருக்க 4 முதல் 8 அவுன்ஸ் ஈயம், 60 பவுண்டுக்கு மேற்பட்ட முன்நரம்பு (முள்ளை ஒட்டிக் கட்டும் தடித்த நரம்பு), சர்க்கிள் ஹூக் என்ற வட்டமாக வளைந்த முள். கம்பு அதன் தாங்கியில் நிற்கும். மீன் எடுத்ததும் கம்பைச் சுண்டி இழுக்கக் கூடாது. ஊரில் தூண்டில் பழகியவர்களுக்கு இது மிகவும் சிரமம், கை தானாகவே சுண்டும். சர்க்கிள் ஹூக் மீன் திரும்பி ஓடும்போது வாயோரத்தில் தானே மாட்டிக்கொள்ளும். சுண்டினால் வாயைவிட்டு வெளியே வந்துவிடும். கம்பு முழுதாக வளைந்து ரீல் சத்தம் போடும் வரை காத்திருந்து, அப்புறம் சுற்ற ஆரம்பித்தால் போதும். பெரிய மீனை விடப் போகிறீர்கள் என்றால் தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாதீர்கள். வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுத்துப் படுக்கவைத்தே படமெடுத்து, தண்ணீரில் தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அது தானே உதறிப் போகும்போது விடுங்கள்.

கல்லில் சிக்குவது நடக்கத்தான் செய்யும். கம்பை மேலே இழுத்து இழுத்து முறிப்பவர்கள் அதற்கான காசையும் கட்ட நேரிடும். சிக்கிவிட்டது என்று சொல்லிக் கம்பைக் கேப்டனிடம் கொடுங்கள். பின்னல் நரம்பைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, சதையை அறுத்துவிடும். சாம்பல் நிறக் கெளுத்தி வந்தாலும் நீங்கள் தொட வேண்டாம். முதுகிலும் இரு பக்கமும் உள்ள முள் குத்தினால் விஷம் ஏறிக் கை வீங்கும்.

பெரிய கப்பல் கடந்துபோகும்போது ஒன்றைக் கவனியுங்கள். அலை உடனே வராது. முதலில் கல்லோரத் தண்ணீர் பின்வாங்கும்; அதுவரை மூழ்கியிருந்த கற்கள் பாசியோடு வெளியே தெரியும், நரம்பெல்லாம் கப்பல் பக்கம் சாயும். சில நொடியில் அந்தத் தண்ணீர் மொத்தமும் திரும்பி வந்து படகைக் கல் பக்கம் தள்ளும். கேப்டன் "உட்காருங்கள்" என்றால் மீன் மாட்டியிருந்தாலும் உட்கார்ந்துவிடுங்கள். பிள்ளைகளைப் படகின் நடுவில் வையுங்கள்.

மீனை வெட்டி வாங்கும்போது

துறைக்குத் திரும்பும் வரை மீன் தலையும் வாலுமாக முழுசாக இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் படகிலேயே வெட்டச் சொல்லாதீர்கள். கரையில் கேப்டன் வெட்டித் தருவார். அவர்கள் பழக்கம், இரு பக்கச் சதையை மட்டும் தோலுரித்து எடுத்துவிட்டுத் தலையையும் நடுமுள்ளையும் வீசிவிடுவது. குழம்புக்குத் தலை வேண்டும், தோலோடு துண்டு வேண்டும் என்றால் அவர் கத்தியை எடுக்குமுன் சொல்ல வேண்டும். "செதில், குடல், செவுள் மட்டும் எடுத்தால் போதும், துண்டு நாங்களே போட்டுக்கொள்கிறோம்" என்று சொன்னால் பெரும்பாலோர் மகிழ்ச்சியாகவே தருவார்கள், அவர்களுக்கு வேலை மிச்சம். ஷீப்ஸ்ஹெட்டின் செதிலும் விலா முள்ளும் மிகக் கெட்டி. அதை மட்டும் அவரே சதையாக எடுத்துத் தரட்டும், தலையைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள்.

கால்வெஸ்டன் விரிகுடாக் கெளுத்தியைக் கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் சாப்பிட வேண்டாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை எச்சரிக்கை வைத்திருக்கிறது, மாசு காரணமாக. பெரிய மீனைவிட அளவுக்குள் வரும் நடுத்தர மீனே ருசியிலும் மேல்.

காரில் வைத்த ஐஸ் பெட்டிக்கு இப்போதுதான் வேலை. அடியில் ஐஸ், மேலே காற்றுப் போகாத பையில் கட்டிய மீன், அதற்கு மேல் மறுபடி ஐஸ். பெட்டியின் வடிகால் மூடியைத் திறந்து வையுங்கள். உருகிய தண்ணீரில் ஊறிய சதை வெளுத்துச் சொதசொதவென்று ஆகும், வறுத்தால் சட்டியிலேயே உதிரும். ஹூஸ்டன் புறநகரான ஷுகர்லேண்டுக்கோ கேட்டிக்கோ போகிற நேரத்துக்கு இந்த ஏற்பாடு தாராளம். அன்றைக்குச் சமைக்காததை வீட்டுக்குப் போனதும் துடைத்து, நாள் எழுதி உறையவைத்துவிடுங்கள்.